பெருவிரலில் ஒரு வளையம்

வேலணையில் உங்கள் பிள்ளை ஈர்க்கில் வில் வளைத்தால் நாணை இரண்டு மூன்று விரலால் இழுப்பான். துருக்கியர் பெருவிரலால் இழுத்தார்கள். சுட்டுவிரல் அதன்மேல் பூட்டாய் அமரும்; நாண் அறுக்காதிருக்கப் பெருவிரலில் 'ஸிஹ்கீர்' என்னும் வளையம்.

1453இல் இஸ்தான்புல்லை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மத் வில்லாளிகளுக்கென்றே ஓக்மெய்தான் வெளியை ஒதுக்கினார். புதியவனுக்கு எடுத்தவுடன் அம்பில்லை. 'கெபாஸே' என்ற இளகிய வில்லை வெறுமனே இழுத்து இழுத்துப் பழகவேண்டும். 900 கெஸ், அதாவது ஏறத்தாழ 594 மீட்டர் எய்தால்தான் உஸ்தாதின் அனுமதி. அம்மாடி!

அம்பெய்தலை நபி (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டினார்கள். "பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு?" என்பார் வாப்பா. 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இக்கலையைத் துருக்கியில் பெண்களும் பயில்கிறார்கள் என்று சொல்லுங்கள். மகனோ மகளோ, முதல் வாரம் அம்பில்லாமலே இழுக்கட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் கண்ணும் தப்பும்.