கூடிச் செய்த பாலம்

1878ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். அமெரிக்க நாட்டில் ஒரு மாலைப்பொழுதில் மில்டன் ரைட் என்னும் சமயத் தலைவர் தம் வீட்டினுள் நுழைந்தார். கைகளுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்த அவர், தம் மைந்தர் இருவரும் இன்னதென்று காணுமுன் அதனை மேலே எறிந்தார். அது தரையில் விழவில்லை. அறையைக் கடந்து பறந்து, மேற்கூரையில் மோதி, சிறிது நேரம் படபடத்துப் பின்னரே கீழிறங்கிற்று. மூங்கிலும் தக்கையும் தாளும் கொண்டு செய்யப்பட்டு, முறுக்கிய ரப்பரின் விசையால் எழும் பறக்கும் பொம்மை அது. அப்போது மூத்தவன் வில்பருக்கு வயது 11. இளையவன் ஆர்வில்லுக்கு 7.

பொம்மை நெடுநாள் நிலைக்கவில்லை. சிறுவர் கையில் எந்தப் பொம்மைதான் நிலைக்கும்? ஆனால் அவ்விருவரும் அதனைப் பார்த்துத் தாமே பல பொம்மைகள் செய்தனர். அவை நன்றாகவே பறந்தன. பின்னர் அதனையே மிகப் பெரிதாகச் செய்து பார்த்தனர். அது செவ்வனே பறக்கவில்லை. அதன் காரணம் அந்நாளில் அவர்களுக்கு விளங்கவில்லை. நீளத்தை இரு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிறது. எடையோ எட்டு மடங்காகிறது. அதனைத் தூக்குவதற்கு ரப்பரின் முறுக்கு எங்ஙனம் போதும்? 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், 12 நொடிகளில் 120 அடி தொலைவு மனிதனைச் சுமந்து பறந்த வானவூர்தியைச் செய்தவர்கள் இவ்விருவரே. அதற்கு முன், 1901ஆம் ஆண்டில், ஏறத்தாழ 200 சிறு இறகுகளை மாதிரியாகச் செய்து, காற்றறையில் வைத்து ஆராய்ந்தார்கள்.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் பெரும்பாலும் அந்தப் பொம்மையைப் புகழ்வர். நான் புகழ விரும்புவது பொம்மையை அன்று. அதை எறிந்தபின் ஓய்ந்து நின்ற தந்தையின் கைகளை. ஏன் என்பதைச் சொல்ல வேண்டுமாயின், என் பிழையொன்றையும் சொல்லியாக வேண்டும்.

கட்டடம், கப்பல், பாலம், புகைவண்டி முதலியவற்றை அளவு பிசகாமல் சுருக்கிச் செய்வது ஓர் இனிய பொழுதுபோக்கு. மேலைநாடுகளில் இது பெரிதும் பரவியுள்ளது. வானவூர்தி மாதிரிகளை 72இல் ஒரு பங்காகச் செய்யும் வழக்கம் அங்கு உண்டு. அவ்வளவில் ஆறடி உயரமுள்ள மனிதன் ஓர் அங்குல உயரம் உடையவனாகிறான். கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் உறுப்புகளை வாங்கி ஒட்டலாம். ஆனால் அவற்றின் விலை மிகுதி. எனக்கு அட்டையும் மூங்கிற் சீவலும் தீக்குச்சியும் போதும்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, பாம்பன் புகைவண்டிப் பாலத்தைச் செய்யலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். முன்னொருமுறை இராமேசுவரம் சென்றிருந்தபோது, அருகில் உயர்ந்து செல்லும் சாலைப் பாலத்தின்மீது நின்று அவள் அதை நெடுநேரம் பார்த்திருந்தாள். 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நடுவே, கப்பல்கள் செல்வதற்காக இரண்டாகப் பிரிந்து மேலெழும் பகுதி ஒன்று இருந்தது. ஷெர்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் கண்ட முறையில் அமைந்தது அது. ஒவ்வொரு கையின் அடிப்பகுதியும் தொட்டிலின் அடிபோல் வளைந்திருக்கும். அவ்வளைவு பின்னோக்கி உருளும்போது முன்பகுதி வானை நோக்கி எழும். பின்புறத்தில் உள்ள எதிர்நிறை, முன்பகுதியின் சுமையைத் தாங்கி உதவும். ஆகையால்தான் தொழிலாளர்கள் தம் கைவலியாலேயே அதனை இயக்க முடிந்தது.

நூற்றில் ஒரு பங்காகச் செய்வது எங்கள் எண்ணம். பாலத்தின் நீளமோ இரண்டு கிலோமீட்டருக்கு மேல். "அப்பா, அப்படியானால் நம் பாலம் இருபது மீட்டருக்கு மேல் வருமே! வீட்டைவிட்டுத் தெருவுக்குப் போய்விடுமே!" என்றாள் மகள். ஆகவே நடுப்பகுதியை மட்டும் செய்வதென்று ஆயிற்று. கிடைத்த படங்களைக்கொண்டு அவளே அளவுகளைக் கணக்கிட்டாள், அட்டையைக் கீறினாள், தீக்குச்சிகளைச் சட்டங்களாக ஒட்டினாள். ஒரு கையை அவளும் மற்றொரு கையை நானும் செய்தோம். அவள் செய்தது சற்றே கோணலாக அமைந்தது. இரண்டையும் எதிரெதிரே வைத்தபோது தண்டவாளங்கள் நேராகச் சேரவில்லை.

அன்றிரவு அவள் உறங்கிய பின், அவள் செய்த கையை நான் பிரித்தேன். பசையைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடியும் ஒட்டி நேர் செய்தேன். நள்ளிரவு கடந்துவிட்டது. விடிந்ததும் அவள் மகிழ்வாள் என்றே எண்ணினேன். அவள் பார்த்தாள். "நன்றாக இருக்கிறது அப்பா" என்றாள். அவ்வளவுதான். அதன்பின் மூன்று வாரங்கள் அவள் அந்த மேசைப் பக்கம் வரவே இல்லை.

அந்த மூன்று வாரங்களில் நான் எனக்கு நானே பல சமாதானங்கள் சொல்லிக்கொண்டேன். பள்ளியில் பாடம் மிகுதி என்றேன். குழந்தைகளின் ஆர்வம் நிலையற்றது என்றேன். ஒன்றும் உண்மையன்று. அவளுடைய பாலத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்பதே உண்மை. பிள்ளையோடு கூடிச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, பிள்ளையைப் பார்வையாளராக அமர்த்திவிட்டுத் தம் ஆசையைத் தீர்த்துக்கொள்ளும் பெற்றோர் பலர். அவர்களுள் நானும் ஒருவனாயிருந்தேன். பள்ளிக் கண்காட்சிகளில் சில மாதிரிகளைக் காணும்போதே, அவற்றைச் செய்த கைகளின் வயது நமக்குத் தெரிந்துவிடுகிறதன்றோ?

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிராங்க் ஆர்ன்பி என்பவர் இருந்தார். அவர் பொறியாளர் அல்லர். வாணிக நிலையம் ஒன்றில் கணக்கெழுதி வந்தவர். தம் மைந்தர்க்காகத் தகட்டை வெட்டி விளையாட்டுப் பொருள்கள் செய்து வந்தார். ஒரு பொருளுக்கென்று வெட்டிய துண்டு மற்றொன்றுக்கு உதவவில்லை. அப்போதுதான், எல்லாத் துண்டுகளிலும் அரை அங்குல இடைவெளியில் துளைகள் இட்டு, மரையாணிகளால் பூட்டினால், கழற்றி வேறொன்று செய்யலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. 1901ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் மெக்கானோ என்று உலகெங்கும் பெயர்பெற்ற விளையாட்டுத் தொகுதி இதுவே. தந்தை பூட்டியதை மைந்தன் கழற்றலாம். மைந்தன் தவறாகப் பூட்டியதை அவனே கழற்றித் திருத்தலாம். ஒட்டிய பசைக்கு இந்தப் பெருந்தன்மை இல்லை; எனக்கும் அன்றிரவு இல்லாமற் போயிற்று.

இவ்வேலையால் தேர்வில் மதிப்பெண் கூடுமா என்று கேட்போர் உளர். கணக்கறிவு ஓரளவு வளரும் என்பது மெய்யே. நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கும்போது நீளம் மட்டுமே நூற்றில் ஒன்று. பரப்பு பதினாயிரத்தில் ஒன்று. கன அளவு பத்து இலட்சத்தில் ஒன்று. ஆதலின் அட்டைப் பாலம் எளிதில் நிற்கும்; அது நிற்பதைக் கண்டு, அதே வடிவில் கட்டிய பெரிய பாலமும் நிற்கும் என்று சொல்லிவிட முடியாது. ரைட் சிறுவர்களை மயக்கிய புதிர் இதுவே. என் மகள் இதனை ஏட்டில் படிக்குமுன் மேசைமேல் கண்டாள். எனினும் இக்கலையைக் கணக்குப் பாடத்தின் பணியாளாக ஆக்க நான் விரும்பவில்லை. மதிப்பெண்ணுக்கென்று தொடங்கிய விளையாட்டு விரைவில் வீட்டுப் பாடமாகிவிடும். பின்னர் அதற்கும் ஒரு பயிற்சி வகுப்பு வைப்பார்கள்.

மாணவர்களே, உங்கள் இல்லத்தில் பெரியவர் ஒருவர் இத்தகைய வேலையில் ஈடுபட்டிருப்பின், அருகில் சென்று அமருங்கள். கத்தியைப் பிடிக்கும் முறையையும், பசை காயும்வரை பொறுத்திருக்கும் முறையையும் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். இவ்விரண்டையும் நூலிலிருந்து கற்பது கடினம். ஆனால் அவர் உங்கள் பங்கையும் தாமே செய்யத் தொடங்கினால், பணிவோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் எழுந்து போய்விடாதீர்கள். என் மகள் அப்படிப் போய்விட்டாள். நான் தெளிவதற்கு மூன்று வாரங்கள் ஆயின.

ஒருநாள் அவளை அழைத்து, "அம்மா, நான் செய்தது தவறு. அதைப் பிரித்துவிட்டேன், நீயே மறுபடியும் செய்" என்றேன். "மறுபடியும் கோணலாக வந்தால்?" என்று கேட்டாள். "கோணலாகவே நிற்கட்டும்" என்றேன். வேலை முடிய ஒரு மாதம் ஆயிற்று. எதிர்நிறைக்கு எதனை வைப்பது என்பதில் எங்களுக்குள் வழக்கு எழுந்தது. நான் களிமண் என்றேன். அவள் பழைய மரையாணிகளை நூலில் கோத்துக் கட்டினாள். அவள் செய்த கை விரல் பட்டதும் எழுந்தது. களிமண் வைத்த என் கையோ பாதி எழுந்து நின்றுவிட்டது. பிறகு அதற்கும் மரையாணிகளே வந்தன.

இன்றும் அப்பாலம் எங்கள் அலமாரியில் உள்ளது. இரண்டு கைகளும் தாழும்போது தண்டவாளங்கள் இரண்டு நூல் அளவு விலகியே நிற்கின்றன. உண்மையான பழைய பாலத்தில் 2022ஆம் ஆண்டின் இறுதியில் வண்டிப் போக்குவரத்து நின்றுவிட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் அதனருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி பிரிவதில்லை. முழுவதுமாக 17 மீட்டர் உயரம் நேரே மேலெழுகிறது. எங்கள் அளவில் அது 72.5 சென்டிமீட்டர் நீளம், 17 சென்டிமீட்டர் ஏற்றம் என்று என் மகள் குறித்து வைத்திருக்கிறாள். இரு கோபுரங்களையும் அவளே செய்யப்போகிறாளாம். கயிறு கட்டும்போது ஆடாமல் பிடித்துக்கொள்வது மட்டும் என் வேலை என்று சொல்லியிருக்கிறாள்.