தீ வைத்தது யார்?

'மின்கசிவே தீ விபத்துக்குக் காரணம் என்று முதல்கட்ட விசாரணையில் தெரிய வந்துள்ளது.'

இந்த ஒரு வாக்கியத்தை அச்சுக் கோத்து அப்படியே எடுத்து வைத்திருப்பார்களோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஜவுளிக்கடை எரிந்தாலும் இதுதான். குடிசை எரிந்தாலும் இதுதான். ஆபீஸில் ஃபைல் ரூம் எரிந்தால் கட்டாயம் இதுதான்! அதிலும் அடுத்த வாரம் ஆடிட் என்றால், மின்சாரத்தால் கசியாமல் இருக்கவே முடியாது.

கேலி இருக்கட்டும். எரிந்து முடிந்த வீட்டில் ஒயர் உருகி, அதன் நுனியில் செம்பு சின்ன மணி போல உருண்டு நிற்கும். பார்த்தவுடன், "ஆங்... ஷார்ட் சர்க்யூட்!" என்று சொல்லத் தோன்றும். ஆனால், வேறு எதனாலோ பிடித்த தீ ஒயரின் மேல்தோலை எரித்துவிட்டால், உள்ளே இருக்கும் இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டு அப்போதும் ஷார்ட் சர்க்யூட் ஆகும். அதே மணி உருளும். ஆக, அந்த மணி குற்றவாளியாகவும் இருக்கலாம், பலியானவராகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தீ என்பது என்ன? எரிகிற பொருள், ஆக்ஸிஜன், சூடு. மூன்றும் கூட்டணி வைத்தால் ஆட்சி, ஒன்று வாபஸ் வாங்கினால் கவிழ்ந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் சூடு விலகுகிறது. ஈரச்சாக்கு போட்டு மூடினால் காற்று விலகுகிறது. இதெல்லாம் எட்டாம் வகுப்பு.

எட்டாம் வகுப்பில் சொல்லாத சமாசாரம் ஒன்று உண்டு. விறகு எரிவதில்லை! சூட்டில் விறகிலிருந்து கிளம்பும் ஆவிதான் கொழுந்துவிட்டு எரிகிறது. நம்பாவிட்டால் இன்று ராத்திரி கரண்ட் போனதும் மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள். கொஞ்ச நேரம் எரியவிட்டு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை இழை எழும்பும். எரிகிற தீக்குச்சியை அந்தப் புகைக்கு நேராக, திரியைத் தொடாமல் காட்டுங்கள். தீ புகையைப் பிடித்துக்கொண்டு இறங்கித் திரியில் போய் உட்காரும். லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் சமயத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தியை வைத்தே ஆறு சொற்பொழிவு நடத்தினார். அதில் இந்த வித்தையும் உண்டு.

ஒரு தீக்குச்சியால் தேக்குக் கட்டையை எரிக்க முடியாது. அதே தேக்கை இழைத்த சுருளை ஒரே நொடியில் எரிக்கலாம். மெல்லிசாக இருந்தால் சீக்கிரம் சூடேறி, சீக்கிரம் ஆவி விடும். மார்ச் மாதத்து மலைப்புல் இந்தச் சுருள் மாதிரிதான்.

இந்த இடத்தில் கேலி போதும். எங்கள் தேனி ஜில்லாவுக்கு மறக்க முடியாத தேதி ஒன்று உண்டு. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேற வந்தவர்கள் முப்பது பேருக்கும் மேல், கொழுக்குமலையிலிருந்து போடிக்கு மேலே உள்ள குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் உங்களைப் போல ஆபீஸ் போகிற இளவட்டங்கள். வழியில் காட்டுத்தீ சூழ்ந்தது. மலையிலேயே ஒன்பது பேர் போனார்கள். ஆஸ்பத்திரிகளில் தீக்காயத்தோடு போராடியவர்களில் பலரும் பிழைக்கவில்லை. மொத்தம் 23 உயிர். அரசு, அதுல்ய மிஸ்ரா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியை விசாரிக்கச் சொன்னது. அந்த வருஷமே மலையேற்றத்துக்குப் புதிய விதிகளும் வந்தன.

சரிவில் தீ எப்படி நடந்துகொள்ளும் என்பதை மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மனிதன் இறங்கும்போது வேகமாகவும் ஏறும்போது மெதுவாகவும் போவான். தீக்கு இது தலைகீழ். கொழுந்து மேல்நோக்கிச் சாய்ந்து, மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துத் தயார் பண்ணிவிடுகிறது. பத்து டிகிரி சரிவு கூடினால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இருபது டிகிரி என்றால் நாலு மடங்கு. நமக்கு மூச்சு வாங்குகிற இடத்தில்தான் அது ஓட ஆரம்பிக்கும். மலை மடிப்புகளும் பள்ளங்களும் புகைபோக்கி மாதிரி, அதற்குள் ஒதுங்கக் கூடாது. மேலே ஓடாமல் பக்கவாட்டில் விலக வேண்டும். எரிந்து முடிந்த கருப்புத் தரை கிடைத்தால் அதுதான் பத்திரம். ஒரு தடவை எரிந்த புல் இன்னொரு தடவை எரியாது.

இவ்வளவு பெரிய மலை எரிந்த பிறகு, எங்கே பிடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கென்றே படித்தவர்கள் முழங்காலில் உட்கார்ந்து புல்லைப் பார்ப்பார்கள். மெதுவாக நகரும் தீ, புல்லின் தாளை அடியில், தான் வருகிற பக்கம் முதலில் தின்னும். வெட்டின மரம் வெட்டின பக்கம் சாய்வது போல, தாளும் தீ வந்த பக்கமாகவே விழும். பாறையில் தீ வந்த பக்கம் கரி அப்பியிருக்கும், மறுபக்கம் சுத்தமாக இருக்கும். இப்படியே தடம் பிடித்துப் பின்னால் போனால், கடைசியில் ஒரு சின்ன இடம் வரும். அங்கே சேதம் மற்ற இடத்தைவிடக் குறைவாகவே இருக்கும். தீ அப்போது குழந்தை! ஒரு பீடித் துண்டோ, சமைத்த அடுப்புக் கல்லோ கிடைத்தால் அங்கேதான் கிடைக்கும்.

நல்ல விசாரணையில் கேள்வி ஒன்றல்ல, இரண்டு. ஏன் பிடித்தது? ஏன் பரவியது? 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் எரிந்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருஷம் ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். முதலாவதில் பேச்சு வீடியோ லைட் ஒயரைப் பற்றி, இரண்டாவதில் சத்துணவு அடுப்பைப் பற்றி. ஆனால், இரண்டிலும் தீயைத் தலைக்கு மேல் கொண்டுபோனது கீற்று. பொறி விழாத அடுப்பு உலகத்தில் கிடையாது. பொறிக்கு மேலே என்ன வேய்ந்திருக்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

சரி, விசாரணை என்றால் பெரிய அதிகாரிகள் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே இருக்கிற எங்கள் அனுமந்தன்பட்டியில், டீக்கடை பெஞ்சில் இந்த இலாகா தினமும் இயங்குகிறது. ஒரு கார்த்திகை மாசம் நான் போனபோது, ஒருவருடைய வைக்கோல் படப்பு ராத்திரியோடு ராத்திரியாக எரிந்து போயிருந்தது. பெஞ்ச் தீர்ப்பே எழுதிவிட்டது.

"பங்காளிதான் மாமா வச்சிருப்பான். வரப்புத் தகராறு இருக்குல்ல?"

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துர வேண்டியதுதான் மாப்ள."

நான் படப்புக்காரரிடம் கேட்டேன்: "அண்ணே, வைக்கலை எப்ப அடுக்குனீங்க?"

"போன மாசம் தம்பி. மழை வந்துருச்சு, அரைகுறையா காய்ஞ்சதை அள்ளிப் போட்டோம்."

"எரியறதுக்கு முன்னாடி எதுவும் வித்தியாசமா தெரிஞ்சுச்சா?"

அவர் யோசித்தார். "ரெண்டு மூணு நாளா காலையில உச்சியில ஆவி மாதிரி வந்துச்சு. பனின்னு நெனச்சேன். பாகு காய்ச்சுற மாதிரி ஒரு வாசனை கூட..."

பெஞ்ச் அமைதியானது. ஈரத்தோடு அடுக்கிய புல்லிலும் வைக்கோலிலும் நுண்ணுயிர்கள் பெருகும், சூடு கிளப்பும். படப்பு கனமாக இருந்தால் சூடு வெளியே போக வழியில்லை. 70 டிகிரிக்கு மேல் போனால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். ஆனால் அதற்குள் ரசாயன மாற்றம் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கும். சில வாரம் கழித்து, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே நடுவிலிருந்து பற்றிக்கொள்ளும். நீளமான இரும்புக் கம்பியை உள்ளே சொருகிக் கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் ஆபத்து. அப்போதும் அவசரப்பட்டுப் பிரித்துப் போடாதீர்கள். காற்று உள்ளே புகுந்து பற்றிக்கொள்ளும். முதலில் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடுங்கள்.

படப்பு தானாகத்தான் எரிந்தது என்று நான் சத்தியம் பண்ணவில்லை. பங்காளிதான் வைத்தான் என்று சத்தியம் பண்ணவும் யாரிடமும் எதுவும் இல்லை. புகார் போகவில்லை. பங்காளிகள் பேசிக்கொள்ளவும் இல்லை. அந்தத் தீயை அணைக்க எந்த வண்டியாலும் முடியாது!

டீக்கடைத் தீர்ப்பு கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்? அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், கோர்சிகானா என்ற ஊரில் 1991 டிசம்பர் 23 அன்று ஒரு வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தன. அப்பா கேமரன் டாட் வில்லிங்ஹாம் தப்பித்தார். தரையில் திட்டுத் திட்டாகக் கருகியிருக்கிறது, ஜன்னல் கண்ணாடியில் சிலந்தி வலை போல விரிசல், ஆகவே ஏதோ எரிதிரவம் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார் என்றார்கள். 1992-ல் குற்றவாளி என்று தீர்ப்பு. 2004 பிப்ரவரி 17 அன்று ஊசி போட்டுக் கொன்றார்கள்.

கண்ணாடியில் அந்த விரிசல் எதனால் வருகிறது தெரியுமா? சூடான கண்ணாடியில் தீயணைப்புத் தண்ணீர் பட்டால் வருகிறது! தரைத் திட்டு? மூடிய அறையில் சூடு மேலே தேங்கி 600 டிகிரியை ஒட்டிப் போனால், அறையில் உள்ள அத்தனையும் ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு தரை எப்படி வேண்டுமானாலும் கருகலாம். 1991-லேயே ஃப்ளோரிடாவில் இதைச் சோதித்தார்கள். வேறொரு மனிதர்மேல் இதே மாதிரிக் கொலைவழக்கு. பக்கத்தில் அதே மாதிரி ஒரு வீட்டில் சோபாவை மட்டும் கொளுத்திப் பார்த்தார்கள். நாலரை நிமிஷத்தில் அறை முழுக்கப் பற்றியது, பெட்ரோல் ஒரு சொட்டு இல்லாமல். வழக்கு வாபஸ். வில்லிங்ஹாம் விஷயத்திலும், அந்தத் தடயங்களுக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று நிபுணர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவரைத் திருப்பிக் கொண்டுவர எந்த விஞ்ஞானத்தாலும் முடியவில்லை.

தீ விசாரணைப் புத்தகங்களில் நான்கு விடைகள் உண்டு: விபத்து, இயற்கை, வேண்டுமென்றே வைத்தது, தீர்மானிக்க முடியவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது நாலாவது. 'தெரியவில்லை' என்று கையெழுத்துப் போட, 'மின்கசிவு' என்று எழுதுவதைவிட நிறைய தைரியம் வேண்டும்.

ஆகவே, அடுத்த தடவை பேப்பரில் அந்தப் பழைய வாக்கியத்தைப் பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒயர் உருகினதால் தீயா, தீயினால் ஒயர் உருகினதா? பதில் வரும்வரை, பாவம், மின்சாரத்தைத் திட்டாதீர்கள். பங்காளியையும்தான்.