விலைக்கு வாங்கும் அச்சமின்மை

டில்லியில் வாழும் பழைய நண்பர் ஒருவர், தனித்து வசிக்கும் தம் மகளுக்கு விலை குறைந்த சிறிய றிவோல்வர் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். போர்ச் செய்திகள் எழுதியே தலை நரைத்தவனுக்குத் துப்பாக்கியும் தெரிந்திருக்கும் என எண்ணினார் போலும்.

2012 டிசெம்பரில் அந்நகரில், ஓடும் பஸ்ஸில் மாணவியொருவர் சிதைக்கப்பட்டுப் பின்னர் உயிரிழந்தார். நாடு அவரை 'நிர்பயா' என்றழைத்தது. 2014 இல் கான்பூரின் அரச ஆயுதத் தொழிற்சாலை, அதே பொருள்படும் 'நிர்பீக்' என்ற பெயரில் பெண்களுக்கென றிவோல்வர் ஒன்றை வெளியிட்டது. எடை 500 கிராம். விலை இந்திய நாணயத்தில் 1,20,000 ரூபாவுக்கும் மேல். பாதுகாப்பைத் தரவேண்டிய அரசே அதனை விற்கப் புறப்பட்டது! கூலிக்குச் செல்லும் பெண் எங்கே போவாள்?

பின்னர் 'நிடர்' என்ற மலிவான வகையும் வந்தது. மலிந்தாலும் என் வாதம் மாறாது. பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்படுபவர் பெண்ணுக்குத் தெரிந்தவரே என்பதை இந்தியாவின் தேசியக் குற்றப் பதிவுப் பணியகம் ஆண்டுதோறும் காட்டிவருகிறது. உறவினர், அயலவர், நண்பர். அவருக்குக் கதவைத் திறந்துவிடுபவளே அவள்தான். அலுமாரிச் சாவி இருக்குமிடத்தையும் அவர் அறிவார்.

நண்பருக்கு எழுதினேன்: கதவுக்கு நல்ல பூட்டுப் போடுங்கள். தெருவிளக்கு எரிகிறதா, மகளின் முறைப்பாட்டைப் பொலிஸார் பதிவார்களா என்று உரத்துக் கேளுங்கள். அச்சமின்மை அரசு நமக்குத் தரவேண்டிய கடன். அதற்கு நாம் ஏன் விலை கொடுக்க வேண்டும்?