புகைக்கு வரியா, சந்தையா? கல்லக்குடி முதல் ஸ்ரீரங்கம் வரை என்ன மாறும்?

ஸ்ரீரங்கத்தில் ரயில் ஏறி அரியலூர் பக்கம் போகிறவர்களுக்குப் பழகிய வழிதான். லால்குடி, புள்ளம்பாடி தாண்டினால் டால்மியாபுரம் சிமென்ட் ஆலை இருக்கும் கல்லக்குடி. அடுத்து அரியலூர், அங்கேயும் சிமென்ட் ஆலைகள்.

இந்தத் தொழில் வெளியிடும் கார்பனுக்கு இப்போது ஒரு விலை வருகிறது. சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி ஆகிய 4 துறைகளின் ஆலைகளுக்கு மத்திய அரசு 2025 அக்டோபரில் இலக்கு நிர்ணயித்தது. இலக்கைவிட அதிகமாகக் குறைத்தால் கார்பன் கிரெடிட் கிடைக்கும், விற்கலாம். தவறினால் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

சரி, புகை விடுறவங்களுக்கு நேரடியா வரி போட்டா முடிஞ்சதே, எதுக்கு இந்தச் சந்தை?

வரி எப்படி வேலை செய்யும்?

வரியில் அரசு விலையை முடிவு செய்கிறது. உதாரணத்துக்கு, ஒரு டன் கார்பனுக்கு ₹800 வரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன்னைக் குறைக்க ₹500 செலவாகும் ஆலை குறைத்துவிடும். ₹1,200 ஆகும் ஆலை, வரியைக் கட்டிவிட்டுப் புகையைத் தொடரும். செலவு முன்கூட்டியே தெரியும். மொத்தப் புகை எவ்வளவு குறையும் என்பது தெரியாது.

இந்தியாவுக்கு இதில் அனுபவம் உண்டு. 2010-ல் நிலக்கரிக்கு டன்னுக்கு ₹50 செஸ் வந்தது. 2016-ல் அது ₹400 ஆனது. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும், அந்தப் பணம் மாநிலங்களுக்கான இழப்பீட்டுக்குத் திரும்பியது. 2025 செப்டம்பரில் செஸ் நீக்கப்பட்டு, ஜிஎஸ்டி 5%-லிருந்து 18% ஆனது. அதாவது டன் கணக்கு போய், விலைக் கணக்கு வந்தது. தரம் குறைந்த, மலிவான நிலக்கரிக்கு வரியும் கம்மி!

சந்தை எப்படி?

இங்கே அரசு மொத்த அளவை முடிவு செய்யும். விலையைச் சந்தை பார்த்துக்கொள்ளும். ₹500 ஆலை கூடுதலாகக் குறைத்து, மிச்சமாகும் அனுமதியை ₹1,200 ஆலைக்கு விற்கும். இருவருக்கும் லாபம், புகையும் வரம்புக்குள்.

குஜராத்தின் சூரத்தில் 2019-ல் நுண்துகள் மாசுக்கு இப்படி ஒரு சந்தை தொடங்கியது. 300-க்கும் மேற்பட்ட ஆலைகள், புகைபோக்கிகளில் கண்காணிப்புக் கருவிகள். சந்தையில் சேர்ந்த ஆலைகளின் மாசு, சேராதவற்றைவிட 20 முதல் 30% குறைந்தது என்கிறது ஆய்வு. 2011-ல் இதற்கான சோதனைத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. செய்து காட்டியது சூரத்.

ஓட்டை எங்கே?

புதிய கார்பன் திட்டத்தில் மொத்த உச்சவரம்பு இல்லை. ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு புகை என்பதுதான் கணக்கு. டன்னுக்கு 3% குறைத்த ஆலை உற்பத்தியை 10% கூட்டினால், மொத்தப் புகை கிட்டத்தட்ட 7% கூடும். ஆனாலும் இலக்கை எட்டியதாகவே பொருள்.

அபராதத்திலும் ஒரு சிக்கல். இலக்கைத் தவறவிட்டு, கிரெடிட்டும் வாங்காத ஆலை, கிரெடிட்டின் சராசரி விலையைப் போல 2 மடங்கு கட்ட வேண்டும். இலக்கு சுலபமாக இருந்தால் கிரெடிட் குவியும், விலை விழும், அபராதமும் கூடவே விழும். ஐரோப்பியச் சந்தையில் அனுமதிகளை அதிகமாகக் கொடுத்ததால், 2007-ல் விலை ஏறக்குறைய பூஜ்யத்துக்கே போனது.

ஸ்ரீரங்கத்துக்காரருக்கு என்ன?

கார்பனை எங்கே குறைத்தாலும் பூமிக்கு ஒன்றுதான். தூசி அப்படியில்லை, விட்ட இடத்தைச் சுற்றியே விழும். கல்லக்குடிக்காரர் சுவாசிக்கும் தூசியை, வேறு ஊர் ஆலையிடம் வாங்கிய கிரெடிட் குறைக்காது. அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பும் சோதனையும்தான் வழி.

திருச்சி, தேசிய தூய காற்றுத் திட்ட நகரங்களில் ஒன்று. ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் பறக்கும் சாலைத் தூசிக்கும் வண்டிப் புகைக்கும் மீட்டர் மாட்டிச் சந்தை நடத்த முடியாது. அங்கே எரிபொருள் வரி, பேருந்து வசதி, சாலைப் பராமரிப்புதான் கைகொடுக்கும்.

வரியோ சந்தையோ, எண்ணைக் கறாராக வைக்கிறார்களா, அளப்பதை ஒழுங்காக அளக்கிறார்களா என்பதுதான் கவனிக்க வேண்டியது. அடுத்த இலக்குகள் வரும்போது முதலில் அதைப் பாருங்கள்.