இனிப்பு உருண்டையும் 60 சைபரும்

ஹோமியோபதி என்று பேச்செடுத்தாலே நம்ம ஆட்களிடம் மூன்று பதில் தயாராக இருக்கும். "பக்கவிளைவே கிடையாதுடா." "எங்க அத்தைக்குக் கேட்டுச்சு." "அது நம்ம பாரம்பரியம்."

கடைசியை முதலில் முடித்துவிடலாம். ஹோமியோபதியை 1796-ல் ஆரம்பித்து வைத்தவர் சாமுவேல் ஹானிமன் என்கிற ஜெர்மன் டாக்டர். அகத்தியருக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நிலவேம்புக் கஷாயத்தோடு இதைச் சேர்த்துக் கட்டாதீர்கள். கஷாயத்தில் நிலவேம்பாவது இருக்கிறது.

குப்பியின் மேல் 30சி என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சொட்டு மருந்தை 99 சொட்டு தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ கலந்து குலுக்கினால் 1சி. அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மறுபடி 99 சொட்டில் கலந்தால் 2சி. இப்படி 30 தடவை. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி படித்த எல்லோருக்கும் போடத் தெரிந்த கணக்குதான். மொத்தம் 1-க்குப் பின்னால் 60 சைபர் மடங்கு நீர்த்திருக்கிறார்கள். ஒரு மோலில் இருப்பதோ 6.022 × 10²³ மூலக்கூறுகள். ஆரம்பச் சொட்டில் ஒரு முழு மோல் இருந்ததாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், 12சி தாண்டும்போதே ஒரு மூலக்கூறாவது மிஞ்சுமா என்பது சந்தேகம். மீதி 18 தடவையும் தண்ணீரில் தண்ணீரைக் கலக்கிற வேலை. அதைச் சர்க்கரை உருண்டையில் விட்டுக் காயவைத்து விற்கிறார்கள்.

ஹானிமனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு மூலக்கூறு எவ்வளவு சிறிசு என்று லோஷ்மிட் கணக்குப் போட்டதே 1865-ல்தான். ஹானிமன் இறந்து 22 வருடம் ஆகியிருந்தது. அவர் காலத்து மற்ற டாக்டர்கள் ரத்தத்தை வடித்தும் பாதரசத்தைக் கொடுத்தும் நோயாளியைப் பாடாய்ப் படுத்தினார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டாலே பிழைக்க வாய்ப்பு அதிகம் என்றிருந்த காலம். அவருக்குத் தெரியாமல் போனதில் தப்பில்லை. இன்றைக்கு நீட் எழுதி, ஐந்தரை வருடம் இதைப் படித்துப் பட்டம் வாங்குகிறவர்களுக்கு அவகாட்ரோ எண் தெரியாதா என்ன?

"மூலக்கூறு போனாலும் தண்ணீருக்கு ஞாபகம் இருக்கும்" என்பார்கள். (அப்படியானால் மெட்ரோ வாட்டர் எங்கெங்கே போய்விட்டு வந்தது என்பதையும் ஞாபகம் வைத்திருக்குமே, சாமி! :-)) இதையும் ஒருவர் சோதித்திருக்கிறார். ழாக் பென்வெனிஸ்த் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1988-ல் நேச்சர் இதழில் அப்படி ஒரு முடிவை வெளியிட்டார். இதழாசிரியர் ஜான் மேடாக்ஸ், மந்திரவாதி ஜேம்ஸ் ராண்டியையும் வால்டர் ஸ்டூவர்ட்டையும் கூட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கே போய் உட்கார்ந்தார். எந்தக் குழாயில் எது என்று எண்ணுகிறவர்களுக்குத் தெரியாதபடி குறியீடு போட்டு, அந்தக் குறியீட்டை உறையிலிட்டுக் கூரையில் ஒட்டிவைத்தார்கள். அத்தோடு தண்ணீரின் ஞாபகசக்தி காலி.

அத்தைக்கு வருவோம். சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்று சும்மாவா சொன்னார்கள்? தானாகப் போகிற நோய் போகும்போது கையில் எந்த உருண்டை இருந்ததோ, பேர் அதற்குப் போய்விடுகிறது. ஒரு அத்தையை வைத்து இதைப் பிரித்தறிய முடியாது. அதற்குத்தான் நூற்றுக்கணக்கான பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 176 ஆய்வுகளை அலசிவிட்டு 2015-ல் சொன்னது: ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் எந்த ஒரு நோய்க்கும் இல்லை.

"அறிவியலுக்கு மேலையும் இருக்கு, நம்பிச் சாப்பிடணும்" என்று ஒரு வகுப்புத் தோழன் சொன்னான். பாராசிட்டமால் என்னை நம்பச் சொல்வதில்லையே. திட்டிக்கொண்டே முழுங்கினாலும் காய்ச்சல் இறங்குகிறது. சாமி கும்பிடுவதற்கு நம்பிக்கை கேட்டால் அது அவனுக்கும் சாமிக்கும் உள்ள விஷயம், நான் குறுக்கே வரவில்லை. மாத்திரை கேட்டால்?

பக்கவிளைவு இல்லை என்பது மட்டும் உண்மைதான். எந்த விளைவும் இல்லாததற்குப் பக்கவிளைவு எங்கிருந்து வரும்? உருண்டை கொல்லாது. உருண்டையை நம்பி இன்ஹேலரைத் தூக்கிப் போட்டால் ஆஸ்துமா கொல்லும். காசநோய், மலேரியா, கைக்குழந்தையின் வயிற்றுப்போக்கு இவற்றுக்கெல்லாம் ஹோமியோபதியை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே எச்சரித்தது. நம் ஆயுஷ் அமைச்சகமோ 2020 ஜனவரியில், கொரோனா இந்தியாவில் கால் வைக்கிற நேரத்தில், ஆர்சனிகம் ஆல்பம் 30சி-யை வெறும் வயிற்றில் மூன்று நாள் சாப்பிடச் சொன்னது. அதைச் சாப்பிட்டுவிட்டு, நமக்கு ஒன்றும் வராது என்று மாஸ்க் இல்லாமல் கடைத்தெருவில் சுற்றியவர்களுக்கு யார் பொறுப்பு?

சண்டை எதற்கு, ஒரு சின்னப் பரிசோதனை வைத்துக்கொள்வோம். ஆர்சனிகம் ஆல்பம் 30சி பத்துக் குப்பி, நக்ஸ் வாமிகா 30சி பத்துக் குப்பி. லேபிளைக் கிழித்துக் கலந்து வைக்கிறேன். எந்த டாக்டரானாலும், எந்த லேப் ஆனாலும் சரி, எது எது என்று பிரித்துக் கொடுக்கட்டும். நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். குப்பிச் செலவு என்னுடையது.