உங்கள் பத்திரிகை எந்தக் கட்சி?

அன்புள்ள வாசகர்களுக்கு,

சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்துப் போராடிய மேல்மா விவசாயிகளைப் பற்றி நாம் வெளியிட்ட கட்டுரைக்கு வந்த கடிதங்களைப் படித்ததில் ஒரு சந்தோஷம், ஒரு சங்கடம். இத்தனை பேர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்களே என்று சந்தோஷம். அவர்களில் பாதிப் பேருக்குக் கட்டுரையில் இருந்த விஷயத்தைவிட நாங்கள் எந்தக் கட்சி என்பதுதான் பெரிதாகப் பட்டிருக்கிறது என்பது சங்கடம். "இரட்டை இலைக்காரர்கள் விளம்பரம் தருகிறார்களா?" என்று சேவூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். "எட்டு வழிச்சாலையை எதிர்த்து எழுதினீர்களே, அப்போதே தெரியும் நீங்கள் உதயசூரியன் என்று. இப்போது என்ன புது வேஷம்?" என்று தேவிகாபுரத்திலிருந்து இன்னொருவர். இருவரையும் ஒரு டீக்கடையில் உட்கார வைத்தால் நம் கட்சி எது என்று அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

மூன்றாவதாக ஒரு கடிதம். எழுதியவர் இளைஞர் என்று கையெழுத்தே சொல்கிறது. "சுற்றுச்சூழல் அமைப்புகள் மரம் நடட்டும், ஏரி தூர்வாரட்டும். அவர்களுக்கு அரசியல் எதற்கு?" என்கிறார். இந்தப் பக்கம் அவருக்காக.

தம்பி, ஏரியைத் தூர்வார வேண்டுமானால் நீர்வளத் துறையைக் கேட்க வேண்டும். ஆக்கிரமிப்பை எடுக்க வருவாய்த் துறை, கழிவு நீரை நிறுத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இந்த மூன்றையும் நடத்துவது அரசு, அரசை நடத்துவது கட்சி. அரசியலைத் தொடாமல் மண்வெட்டியைக் கூடத் தொட முடியாது. அதனால் அரசியல் பேசலாமா என்று கேட்பதில் பயனில்லை. ஒரு கட்சி ஆட்சியில் பேசிய வாய், அடுத்த கட்சி ஆட்சியிலும் பேசுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சேலையின் சாயம் கெட்டியா என்பது கடையில் தெரியாது, முதல் சலவையில்தான் தெரியும் என்பது ஆரணிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமைப்புகளுக்கு ஆட்சி மாற்றம்தான் அந்தச் சலவை. நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஐந்தே ஆண்டு இடைவெளியில் இரண்டு போராட்டங்கள், இரண்டு வேறு வேறு ஆட்சிகளில் நடந்தன. வேறு எந்த மாவட்டத்துக்கும் இப்படி ஒரு பாடம் சுலபத்தில் கிடைக்காது.

முதலாவது 2018. மத்திய அரசின் பாரத்மாலா திட்டத்தில் சேலம் - சென்னை எட்டு வழிச்சாலை அறிவிக்கப்பட்டது. 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய பாதி நம் மாவட்டத்து நிலத்தின் மேல் போக வேண்டியது. அங்கே பாஜக, இங்கே அதிமுக ஆட்சி. செங்கம் பக்கமும் போளூர் பக்கமும் போலீஸ் துணையோடு வந்து கல் நட்டார்கள். நட்ட கல்லின் மேல் விழுந்து அழுத பெண்களை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஜூன் மாதத்தில் சேலம் போலீஸின் கையில் சுற்றுச்சூழல் ஆர்வலர் பியூஷ் மனுஷ் கைதானார், நடிகர் மன்சூர் அலிகான் கைதானார், ஒரு கல்லூரி மாணவியும் கைதானார். எதிர்க்கட்சியாக இருந்த திமுக இந்தக் கைதுகளைக் கண்டித்தது.

வழக்குப் போட்டவர்களைப் பாருங்கள். நிலம் இழக்கவிருந்த விவசாயிகள் ஒரு பக்கம். பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பாமகவின் அன்புமணி ராமதாஸ். பாமக வெறும் கட்சி மட்டுமல்ல. மருத்துவர் ராமதாஸ் 1995இல் தொடங்கிய பசுமைத் தாயகம் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் அதன் கூடவே இருக்கிறது. கட்சியும் சூழல் அமைப்பும் ஒரே வீட்டில் குடியிருப்பது இந்தியாவில் அபூர்வம். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. நம் பக்கத்து விவசாயிகள் பட்டாசு வெடித்தார்கள்.

சரியாகப் பத்தாம் நாள், ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல். பாமக இருந்த கூட்டணியோ அதிமுக, பாஜக கூட்டணி. அதாவது சாலை போட்டே தீருவோம் என்றவர்களும், சாலையைத் தடுத்து நிறுத்தினோம் என்றவர்களும் ஒரே மேடையில் ஓட்டுக் கேட்டார்கள். அன்புமணி தீர்ப்பைக் கொண்டாடினார். சில நாளிலேயே சேலத்துத் தேர்தல் கூட்டத்துக்கு வந்த மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, சாலை வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆரணித் தொகுதியில் அந்தக் கூட்டணிக்கு அதிமுக வேட்பாளர். ஜெயித்ததோ எதிரணியில் காங்கிரஸின் விஷ்ணுபிரசாத். அவர் பசுமைத் தாயகத்தின் தலைவராக இருந்த சௌமியா அன்புமணியின் உடன்பிறந்தவர். நம் ஊர் அரசியலைச் சென்னைப் பத்திரிகைக்காரர்களுக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது!

பாமகவோ பசுமைத் தாயகமோ வேஷம் போடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வீட்டார் வழக்குப் போட்டார்கள், வாதாடினார்கள், வென்றார்கள். வீட்டிலிருந்து அறிக்கை மட்டும் விட்ட பலரைவிட அது மேல். ஆனால் தோழமைக் கட்சியின் அமைச்சர் வந்து தீர்ப்பை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் பேசும்போது கூட்டணியை முறிக்க முடியாத இடத்தில் ஒரு சூழல் அமைப்பு நின்றால், அது நீதிமன்றத்தில் ஜெயித்ததைத் தெருவில் இழக்கிறது. தொண்டனுக்கே குழப்பம் வந்துவிடும்: நாம் இந்தச் சாலைக்கு எதிரா, இல்லையா?

அடுத்த ஆண்டு, 2020 டிசம்பர் 8 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றியது. அறிவிப்பு செல்லும், ஆனால் சாலை போடும் முன் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும் என்றது. அவசரமாகப் பெயர் மாற்றிய நிலப் பதிவுகளைப் பழையபடி விவசாயிகள் பெயருக்கே மாற்றச் சொன்னது. 2021இல் ஆட்சி மாறித் திமுக வந்தது. 2022 ஆகஸ்டில் நம் மாவட்டத்து அமைச்சர் எ.வ.வேலு, எட்டு வழிச்சாலையைத் திமுக எதிர்க்கவே இல்லை, விவசாயிகளைக் கலந்து பேசச் சொன்னோம், அவ்வளவுதான் என்று விளக்கம் தந்தார். படித்துவிட்டுச் சிரிப்பதா, பழைய நாளிதழ்களைத் தேடுவதா என்று தெரியவில்லை.

பிறகு 2023. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையின் விரிவாக்கத்துக்காக மேல்மா உள்ளிட்ட 11 கிராமங்களில் 3,174 ஏக்கர் நிலத்தை எடுக்க அரசு முனைந்தது. விவசாயிகள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், நூறு நாளைத் தாண்டியும் எழவில்லை. நவம்பர் தொடக்கத்தில் 20 பேர் கைது. அதில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம். கள்ளச்சாராயக்காரர்களுக்கும் ரவுடிகளுக்கும் என்று 1982இல் போட்ட சட்டம், நெல் விதைக்கிறவர்கள் மேல் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேர் மீதானது விலக்கிக்கொள்ளப்பட்டது, ஒருவர் மீது மட்டும் தொடர்ந்தது. அந்த ஒருவர் வெளியூர்க்காரர், வந்து தூண்டிவிட்டார் என்று அரசுத் தரப்பு சொன்னது. இந்தக் கைதுகளைக் கண்டித்தவர்களில் எடப்பாடி பழனிசாமியும் ஒருவர், 2018இல் முதலமைச்சராக இருந்த அதே எடப்பாடி பழனிசாமி.

அந்த 'வெளியூர்க்காரர்' யார்? எட்டு வழிச்சாலை எதிர்ப்பு இயக்கத்தில் அதிமுக ஆட்சியை எதிர்த்து நின்றவர். ஆட்சி மாறியது, எதிர்க்கட்சி ஆளும் கட்சியானது, ஆளும் கட்சி எதிர்க்கட்சியானது. இடம் மாறாமல் நின்றவர்கள் இந்த இயக்கத்துக்காரர்களும் விவசாயிகளும்தான். சேவூர் வாசகருக்கும் தேவிகாபுரம் வாசகருக்கும் என் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

அரசியல் பேசுவது வேறு, கட்சி சார்வது வேறு என்ற இந்த இடத்துக்குத்தான் சட்டமும் இப்போது ஏறக்குறைய வந்திருக்கிறது. பந்த், மறியல் என்று இறங்கும் அமைப்பை 'அரசியல் தன்மை கொண்டது' என்று முத்திரை குத்தி, வெளிநாட்டு நன்கொடையை நிறுத்த அரசுக்கு விதி இருந்தது. கட்சி அரசியல் நோக்கமில்லாமல் மக்கள் உரிமைக்கு ஆதரவாக நிற்கும் அமைப்பை அப்படித் தண்டிக்கக் கூடாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அமெரிக்காவில் சூழல் அமைப்புக்கு அரசியல் எதற்கு என்ற இந்தச் சண்டை அறுபது ஆண்டுப் பழசு. 1892இல் தொடங்கிய சியரா கிளப் என்ற சூழல் அமைப்பு, கிராண்ட் கேன்யனில் அணை கட்டக் கூடாது என்று 1966 ஜூனில் பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. மறுநாளே வருமான வரித் துறையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. நன்கொடையாளர்களுக்கு இருந்த வரிச் சலுகை போயிற்று. ஆனால் உறுப்பினர்கள் குவிந்தார்கள், அணைத் திட்டமும் கைவிடப்பட்டது. பிறகு 1970இல் தேர்தலுக்கென்றே தனியாக ஒரு சூழல் அமைப்பு அங்கே வந்தது. எந்த நாடாளுமன்ற உறுப்பினர் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியல் போடுவது அதன் வேலை.

நாமும் அப்படிப் போடலாமே என்று எனக்கும் ஆசை வந்ததுண்டு. நடக்காது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு நம் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் கொறடா சொன்னபடிதான் கை தூக்க முடியும். ஆளுக்கு ஆள் மதிப்பெண் போட்டால் ஒரு கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே மார்க் வாங்குவார்கள். ஆகவே இங்கே ஒரு சூழல் அமைப்பு யாரையாவது குறை சொன்னால் அது கட்சியைக் குறை சொல்வதாகத்தான் முடிகிறது. கட்சிச் சார்பு என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இதில் அமைப்புகளின் குற்றம் கொஞ்சம்தான்.

கட்சி அடையாளம் இருந்தாலே நாக்கு கட்டிப்போகும் என்றும் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் 1962இல் தொடங்கிய சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கத்தில் இடதுசாரிகள் நிறைய. ஆனாலும் இடதுசாரிகள் உட்படக் கேரளத்துக் கட்சிகள் விரும்பிய அமைதிப் பள்ளத்தாக்கு அணையைக் கணக்கும் அறிவியலும் வைத்து எதிர்த்தார்கள். அந்தக் காடு இன்று தேசியப் பூங்கா. இன்னொரு கோடியில் எந்தக் கொடியும் இல்லாத வேலூர் மக்கள் நல மன்றம். பாலாற்றில் தோல் கழிவைக் கலந்ததற்கு எதிராக 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. இங்கே திமுகவும் அதிமுகவும் மாறி மாறி ஆண்டன, வழக்கு நடந்துகொண்டே இருந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு இன்றும் நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. நம்மிடமிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் பிறந்த வழக்கு அது.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கேதான் எனக்குப் பேச்சு கொஞ்சம் திக்குகிறது.

பட்டு நெய்யும் நம் ஊரில் நூலை முதலில் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசை நீக்குகிறோம். பிறகு சாயத் தொட்டியில் முக்குகிறோம். மயில் கழுத்துப் பச்சையும் அரக்கும் நூலில் ஏறியது போக மிச்சம் தண்ணீரோடு போகிறது. எங்கே போகிறது? ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் கமண்டல நாகநதி நம் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. இதைக் கேட்க எந்தக் கட்சி வரும்? சாயப் பட்டறை வைத்திருப்பவரில் எல்லாக் கட்சிக்காரரும் உண்டு. தறிக்காரர், ஜரிகைக் கடைக்காரர், ஜவுளிக்காரர் எல்லாருக்கும் அதில்தான் சோறு. இந்தப் பத்திரிகையின் விளம்பரமும் அங்கிருந்துதான் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வழிச்சாலையை எதிர்க்க நமக்குத் தைரியம் இருந்தது, ஏனென்றால் சாலை போடுபவர் டெல்லியில் இருந்தார். தொட்டி வைத்திருப்பவர் அடுத்த தெருவில் இருக்கிறார், பிள்ளை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறார். கட்சிச் சார்பைவிட இந்த உறவுச் சார்பு பலமானது, இதற்கு ஆட்சி மாற்றமும் கிடையாது.

சிப்காட்டும் அப்படித்தான். மேல்மாவின் நெல் வயலுக்காக எழுதிய நாம், செய்யாறு சிப்காட்டுக்கு விடியற்காலையில் செருப்புக் கம்பெனி வண்டி ஏறிப் போகும் நெசவாளர் வீட்டுப் பெண்களைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்? தறிக் கூலி கட்டுப்படியாகாத வீட்டில் மாதாமாதம் வரும் சம்பளம் அந்தச் செருப்புக் கம்பெனிச் சம்பளம்தான். "சிப்காட் வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்?" என்று அந்தப் பெண் கேட்டால் எந்தக் கட்சியும் அவளுக்குப் பின்னால் இருக்காது. அவளுக்கும் மேல்மா விவசாயிக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்லாத சூழல் அமைப்பை அரைகுறை என்றுதான் நான் நினைக்கிறேன். மேல்மா இருக்கும் செய்யாறு உள்பட ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்த நம் ஆரணியில், 2024இல் திமுக இரண்டு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றது. விவசாயிகள் தோற்றார்கள் என்று இதற்கு அர்த்தம் சொல்வது அவசரம். ஓட்டுப் போடும்போது மனிதர்கள் நிலத்தை மட்டும் நினைப்பதில்லை, சம்பளத்தையும் சாதியையும் மகளிர் உரிமைத் தொகையையும் டெல்லியையும் சேர்த்து நினைக்கிறார்கள்.

கடைசியாக நடைமுறை விஷயங்கள். கூட்ட அறிவிப்பு அனுப்பும் சூழல் அமைப்புகளுக்கு: கொடி எதுவானாலும் அறிவிப்பைப் போடுவோம். ஆனால் நிர்வாகிகளில் யாராவது கட்சிப் பொறுப்பில் இருந்தால் அதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள், அதையும் அச்சிடுவோம். வேட்பாளர் படம் போட்ட மரக்கன்று விழாக்களை மட்டும் மன்னிக்க வேண்டும், அவை விளம்பரப் பகுதிக்குக் கட்டணத்தோடு வரட்டும். அடுத்த இதழிலிருந்து சாயத் தண்ணீரைப் பற்றி ஒரு தொடர் வருகிறது. பட்டறை நடத்துபவர்களும் எழுதலாம். சுத்திகரிப்புக்கு என்ன செலவாகும், அதை யார் ஏற்பது, கூட்டுறவுச் சங்கம் மூலம் முடியுமா என்று கணக்கோடு எழுதினால் முதல் பக்கத்திலேயே இடம் தருகிறேன். சேவூர் நண்பரும் தேவிகாபுரம் நண்பரும் சந்தாவைப் புதுப்பித்துவிட்டுச் சண்டையைத் தொடர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்