டீசலில் எரிவது யாருடைய வியர்வை?

விடியுமுன் காசிமேட்டில் விசைப்படகு உறுமுகிறதே, எதைக் குடித்து உறுமுகிறது? கோயம்பேட்டுக்குக் காய்கறி சுமந்துவரும் லாரி எதை எரித்து ஓடுகிறது? மின் இணைப்புக்கு மனுப்போட்டுக் காத்திருக்கும் உழவன், கிணற்றடி ஆயில் எஞ்சினில் எதை ஊற்றுகிறான்? டீசல், தோழர்களே, டீசல்!

மண்ணுக்கடியில் கிடந்த கச்சா எண்ணெயை மணலி ஆலையில் உலையிலே காய்ச்சி, உயர்ந்த கோபுரத்தில் ஏற்றுகிறார்கள். ஆவி மேலேறக் குளிர்ந்து தட்டுத்தட்டாகப் பிரிகிறது. மேலே எரிவாயு, பெட்ரோல், இடையே மண்ணெண்ணெய், அதற்குக் கீழே, ஏறத்தாழ 200 முதல் 360 டிகிரி வரை கொதிக்கும் பகுதி டீசல், அடியில் தங்குவதிலிருந்து தார். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஏறக்குறைய இதே எண்ணெயை வீட்டைச் சூடாக்க எரிக்கிறார்கள். அங்கே குளிர் காய எண்ணெய். இங்கே குடல் காயாதிருக்க எண்ணெய்!

"எனக்கு வண்டியே இல்லை, டீசல் விலை எனக்கெதற்கு?" என்பான் ஒரு தோழன். உன்னிடம் வண்டி இல்லை. ஆனால் உன் வீட்டு வெங்காயம் வண்டியில்தானே வந்தது? அரிசியும் பருப்பும் நடந்தா வந்தன? பங்க்கில் லாரிக்காரர் கொடுப்பதை, கடையில் நீ கொடுக்கிறாய்.

இனி வரிக் கணக்கைப் பார்ப்போம். 2014 மே மாதத்தில் லிட்டர் டீசலுக்கு மத்திய கலால் வரி 3 ரூபாய் 56 காசு. 2020 மே மாதத்தில் 31 ரூபாய் 83 காசு! அந்த ஆண்டு உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. சரிந்த விலை நம் சட்டைப்பைக்கு வருமுன், ஒரே இரவில் 13 ரூபாய் வரி ஏறி அதை விழுங்கியது. பின்னர் 2021 நவம்பரில் 10 ரூபாயும், 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைத்தார்கள். ஏற்றியபோது ஓசையில்லை, இறக்கியபோது ஊரெல்லாம் தம்பட்டம்!

மாநிலமும் வரி போடவில்லையா என்று கேட்பார்கள். போடுகிறது, நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 2021 பிப்ரவரிக் கணக்கின்படி, மத்திய வரி 31 ரூபாய் 80 காசில் மாநிலங்களோடு பங்கிடத்தக்க அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 80 காசு. மற்ற 30 ரூபாய்? செஸ் என்றும் கூடுதல் வரி என்றும் பெயர். செஸ்ஸையும் கூடுதல் வரியையும் பங்கிட வேண்டியதில்லை என்கிறது அரசியல் சட்டத்தின் 270ஆவது பிரிவு. பெயரை மாற்றினார்கள், பங்கு பறிபோயிற்று! பந்தி வைப்பது நம் காசில். இலை போடுவது அவர்களுக்கு மட்டும்!

நாம் சலுகை கேட்கவில்லை, பங்கு கேட்கிறோம். செஸ்ஸை அடிப்படை வரியாக்குங்கள். உரியதை மாநிலத்துக்குக் கொடுங்கள். கச்சா விலை இறங்கினால் டீசல் விலையும் இறங்கட்டும். படகோட்டியின் வியர்வையும் பாரம் சுமப்பவனின் வியர்வையும் அந்த எண்ணெயோடு சேர்ந்தே எரிகின்றன. எரிகிறவன் வெளிச்சம் கேட்பது குற்றமா?

கேட்போம், தோழர்களே! கிடைக்கும்வரை கேட்போம்!